ஒரு கட்டமும் காலியில்லை

ஆவரங்குளத்தில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவர்கள் மூன்று பேர். அதுதான் அந்த ஊருக்கு வந்த கஷ்டம்.

பொன்னுரங்கம், சடகோபன், ஞானப்பிரகாசம் மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். வியட்நாமில் ஒரு பள்ளிக்கு இங்கிலீஷ் வாத்தியார் தேவை என்று விளம்பரம் வந்தது. பொன்னுரங்கத்துக்கு அங்கே போயே தீரவேண்டும் என்று வெறி. நூற்றிருபது மணி நேரப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார். அத்தனை நகலிலும் பச்சை மையில் கையெழுத்து வாங்கினார். மிச்சம் இருந்தது பன்னிரண்டு பக்க விண்ணப்பம் ஒன்றுதான்.

மரகதத்தின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பிரித்தார்கள். முதல் வரியே தடித்த எழுத்தில் இருந்தது: எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் விண்ணப்பம் ஏற்கப்படாது.

இரண்டாம் பக்கத்தில் மனைவி பெயர் கேட்டிருந்தது. பொன்னுரங்கத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"பொருந்தாதுன்னு எழுதிடுங்க சார்," என்றாள் மரகதம்.

"அந்தப் பேர்ல எந்தப் பொண்ணும்மா இருக்கா?" என்றார் ஞானப்பிரகாசம்.

சடகோபன் கட்டங்களை எண்ணினார். "ஆறு கட்டம். என் தங்கச்சி தேவகிக்கு இங்கிலீஷ்ல ஆறெழுத்து. கச்சிதமா உக்காரும்."

பத்தே நாளில் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் பெயருக்குக் கட்டம் இல்லாதது தெய்வாதீனம். இருந்திருந்தால் கடைசித் தேதி தாண்டியிருக்கும்.

ஐந்தாம் பக்கத்தில் குற்ற வழக்கு எண் கேட்டிருந்தது. ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"உங்க மேல கேஸே இல்லையே சார், சந்தோஷமாப் போங்க," என்றார் ஏட்டு.

"கொஞ்சம் நல்லாப் பாருங்க ஐயா," என்று பொன்னுரங்கம் கெஞ்சினார். பயனில்லை. மேஜைமேல் இருந்த ஏட்டின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். ஓடவில்லை, ஓடினால் பிடிபடத் தாமதமாகும். அன்று சாயங்காலமே வழக்கு எண் கிடைத்தது. காணாமல்போன மாட்டுக்காக ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஏழாம் பக்கத்தில் செய்துகொண்ட அறுவை சிகிச்சையைக் கேட்டிருந்தது. நன்றாக இருந்த குடல்வால் போயிற்று.

பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பொன்னுரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். அங்கே பெரிய கட்டம் ஒன்று இருந்தது. அலுவலக உபயோகத்துக்கு மட்டும். ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா? காரணம் எழுதுக.

"இது அலுவலகம்தானே எழுதணும்?" என்றார் ஞானப்பிரகாசம்.

"காலியா அனுப்பக் கூடாதே. நாமதான் அலுவலகமா மாறணும்," என்றார் சடகோபன்.

மாறினார்கள். மேஜையை இழுத்துப் போட்டு, இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். பொன்னுரங்கத்தை வெளியே வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். நடுவில் டீ குடிக்கப் போய் வந்தார்கள். பிறகு விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்தார்கள்.

"போலீஸ் தொப்பியைத் திருடினவன். வயித்துல தையல் பிரிக்கலை. கல்யாணம் ஆகி ஒரு மாசம்கூட ஆகலை, ஊரைவிட்டு ஓடப் பார்க்கிறான்," என்றார் ஞானப்பிரகாசம்.

"நம்ம பயதான். என் மச்சான் வேற. ஆனா நேர்மைன்னு ஒண்ணு இருக்கே," என்று சடகோபன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிராகரிக்கப்பட்டது என்று எழுதி, நன்னடத்தை போதாது என்று காரணமும் காட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பொன்னுரங்கத்தை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அவர் இடிந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு மெல்லக் கேட்டார்.

"கட்டம் ஏதாவது காலியா இருக்கா?"

பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினார்கள். "ஒண்ணுகூட இல்லைடா."

"அப்ப வேலை நிச்சயம்!" என்று பொன்னுரங்கம் துள்ளி எழுந்து, தையல் வலிக்க வலிக்கத் தபாலாபீசுக்கு ஓடினார். வழியில் பெட்டிக்கடைக்காரரிடம், திரும்பி வரும்போது பெரிய சூட்கேஸாக ஒன்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.