வேதமாணிக்கத்தின் சாட்சி

ஊர்ச் சபையை நடத்தும் உபதேசியார் ஏனோக்குக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் வேதம் படிக்க வந்த வேதமாணிக்கத்துக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் வேதமாணிக்கம் ஆண்டவரைத் தேடத் தொடங்கினார். தாமதமாக வந்தவர்களுக்கு உள்ள அவசரம் அவரிடம் இருந்தது.

"ஐயா, போன வருசத்துக்கு இந்த வருசம் நான் வளர்ந்திருக்கேனா?" என்று அடிக்கடி கேட்பார்.

உபதேசியார் சிரித்துக்கொண்டே அடுத்த வசனத்தை வாசிக்கச் சொல்வார்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். வேதமாணிக்கம் ஜெபித்தால் தெருமுனை வரை கேட்கும். "அண்ணாச்சி ஜெபத்துக்கு விசில் மட்டும்தான் பாக்கி" என்று இளைஞர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அவர் ஜெபிக்கும்போது அவர்களும் அழுதிருக்கிறார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமையில்தான் அந்தத் தவறு நடந்தது.

செல்லக்கனி ஒரு விதவை. அவளுடைய ஒரே மகன் ரூபன் பம்பாயில் வேலை பார்ப்பதாக ஊர் நம்பியிருந்தது. உண்மையில் அவன் மனநல மருத்துவமனையில் இருந்தான். அதை அவள் வேதமாணிக்கத்திடம் மட்டும், ஜெபக்குறிப்பாக, தனியே சொல்லியிருந்தாள். அவர் பதினைந்து பேர் நடுவில் முழங்கால்படியிட்டு, ரூபனின் பெயர் சொல்லி, ஆஸ்பத்திரியின் பெயர் சொல்லி, உருக்கமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தபோது செல்லக்கனி அங்கே இல்லை. அவளுடைய வேதாகமம் மட்டும் பாயில் கிடந்தது.

மூன்று வாரம் அவள் எங்கும் வரவில்லை.

ஒரு புதன்கிழமை மதியம் வேதமாணிக்கம் சபைக் கோயிலுக்குப் போனார். உபதேசியார் ஸ்டூல் மேல் நின்று, ஞாயிறு ஆராதனைக்கான பாட்டு எண்களைப் பலகையில் செருகிக்கொண்டிருந்தார்.

"முட்டி போட்டா வார்த்தை வர மாட்டேங்குது ஐயா. ஒரு முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை சாட்சி நேரத்துல எழுந்து நின்னு மன்னிப்புக் கேக்கப் போறேன். என் மானம் போனாலும் பரவாயில்ல."

"என்ன சொல்லுவீங்க?"

"அதெல்லாம் மனசுல இருக்கு."

"சொல்லிப் பாருங்க. இங்க யாருமில்ல."

உபதேசியார் இறங்கிப் போய், பெண்கள் பக்கத்தில், செல்லக்கனி வழக்கமாக உட்காரும் தூணோரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வேதமாணிக்கம் தொண்டையைச் செருமினார். "சபையாருக்கு ஸ்தோத்திரம். பாவியாகிய நான், நம்ம சபையில உள்ள ஒரு சகோதரியோட மகனைப் பத்தி..."

உபதேசியார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"பேர் சொல்லலையே ஐயா!"

"மூணு வாரமா வராத சகோதரி யாரு அண்ணாச்சி?"

"சரி, மகன்னு சொல்லல. ஒரு குடும்பத்து ரகசியம்னு சொல்லுதேன்."

"ஆராதனை முடிஞ்சதும் அது என்ன ரகசியம்னு எத்தனை பேர் கேப்பாங்க?"

வேதமாணிக்கம் செல்லக்கனி உட்காரும் தூணோரத்தைப் பார்த்தார்.

"என் மானம்தான் போகும்னு நெனச்சேன்," என்றார்.

அன்று சாயங்காலம் அவர் செல்லக்கனியின் வீட்டுக்குப் போனார். அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலருகே வந்தாள்.

"இன்னைக்கு யாருக்காக ஜெபிக்க வந்தீங்க?"

"ஜெபிக்க வரலம்மா. மன்னிப்புக் கேக்க..."

"மெதுவாப் பேசுங்க. உங்க குரல் எனக்குத் தெரியும்."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அப்படிப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"அவன் அடுத்த மாசம் வீட்டுக்கு வருதான்," என்றாள் செல்லக்கனி. "இந்தத் தெருவுலதான் நடக்கணும். அவனைப் பத்தி யாராவது உங்ககிட்ட கேட்டா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"குணமாயிட்டான்னும் சொல்லக் கூடாது. நல்லதையும் சொல்லக் கூடாது."

"சரிம்மா."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டத்தை நடத்தியவர் பாக்கியம் டீச்சர்.

"அண்ணாச்சி, நீங்க ரூபனுக்காக ஜெபிங்க. அவன் இப்ப எப்படி இருக்கான்னும் சொல்லுங்க, எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கலாம்."

"பரமண்டல ஜெபம் சொல்லுவோம் டீச்சர்."

"அது கடைசியில சொல்லலாமே. பையன் எப்படி இருக்கான்?"

வேதமாணிக்கம் கண்களை மூடி, தாழ்ந்த குரலில், "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டார். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வாரம் ஆரம்ப ஜெபத்தை டீச்சர் வேறொருவரிடம் கொடுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது டீச்சர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "எப்படி ஜெபிச்ச மனுசன்! இப்ப பாருங்க, விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்துல போயிட்டார்."

நான்காவது வெள்ளியன்று வேதமாணிக்கத்துக்காகவே ஜெபித்தார்கள். பெயர் சொல்லி, கண்ணீரோடு. அவர் அவர்கள் நடுவில் முழங்காலில் இருந்தார். முடிந்ததும் அவரும் ஆமென் சொன்னார்.

மறுநாள் காலையில் உபதேசியாரிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நான் அங்கேயேதான் இருந்தேன் ஐயா. என்னை வச்சுக்கிட்டே, 'விழுந்துபோன உம்முடைய ஊழியனைத் தூக்கிவிடும்'னு ஜெபிக்காங்க. நேத்து ராத்திரி என் சம்சாரமே கேட்டுட்டா, உங்களுக்கு என்ன ஆச்சுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

உபதேசியார் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"இதுவரைக்கும் உங்ககிட்ட நான் எந்த உதவியும் கேட்டதில்ல. நாளைக்குப் பிரசங்கத்துல ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. வேதமாணிக்கம் விழுந்து போகலன்னு. நீங்க சொன்னா சபை நம்பும்."

"சொல்லுதேன் அண்ணாச்சி," என்றார் உபதேசியார். "எங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்?"

வேதமாணிக்கம் சொல்ல வாயெடுத்தார். நாவுக்கு வந்த முதல் வார்த்தை ரூபனின் பெயர்.

பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.