சுண்ணாம்புச் சிலுவை விழுந்த புங்கமரம்

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? வேம்பு ஊர்வம்பு பேசும். பனை உயரத்தில் நின்றுகொண்டு, எந்த வீட்டுக்கு எந்த விருந்தாளி வருகிறார் என்று கத்திச் சொல்லும். புங்கமரம் மட்டும் மாசி பிறந்ததும் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடும். ஐப்பசி மழை தலையில் விழுந்த பிறகுதான் கண் திறக்கும். வசந்தம் என்று ஒன்று வந்து போவதே அதற்குத் தெரியாது.

தேரிக்காட்டுச் செம்மண் ஓரத்தில் செம்மணல்விளை என்று ஓர் ஊர். முப்பது கிறிஸ்தவக் குடும்பங்கள், ஓலை வேய்ந்த ஒரு கோயில், வாசலில் ஒரு புங்கமரம். கோயிலைப் பெருக்கி, மணியடிக்கிற கோயில்பிள்ளையின் பெயர் வேதமுத்து. அவன் பெண்டாட்டி ஞானப்பூ. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் தங்கமான மனசு. அவளுடைய மூன்று பிள்ளைகளும் அந்தப் புங்கங்கிளையில் தொட்டில் கட்டி ஆடினவர்கள்.

ஈஸ்டர் அன்று அந்த ஊரில் அசனம் நடக்கும். ஊரே சேர்ந்து பொங்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அசனத்து விறகுக்கு எந்த மரம் என்று முடிவானதும், அதன்மேல் சுண்ணாம்பால் ஒரு சிலுவை போட்டுவைப்பது வழக்கம். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு அன்று ஊர்ப்பெரியவர் மாசிலாமணி புங்கமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஒத்த இலை இல்ல. செத்த மரம். சனிக்கிழமை வெட்டிரு" என்று வேதமுத்துவிடம் சொல்லிவிட்டுச் சிலுவையைப் போட்டார்.

சுண்ணாம்பின் சில்லிப்பில் மரம் விழித்துக்கொண்டது. சாயங்காலம் வாசல் பெருக்க வந்த ஞானப்பூவிடம் அதற்கு ஒரே பெருமை.

"பாத்தியா ஞானப்பூ! எனக்கும் சிலுவை போட்டுட்டாங்க. இனி நானும் உங்க சபைதான?"

ஞானப்பூ துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அட கூறுகெட்ட மரமே! அது உன்னை வெட்டுறதுக்குப் போட்ட குறி."

மரத்துக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. "நான் சாகலியே. தூங்கத்தான செஞ்சேன்?"

"தூங்குறதுக்கும் ஒரு கணக்கு வேண்டாமா? வேம்பைப் பாரு, பூவாக் கொட்டுது. மாமரத்தைப் பாரு, பிஞ்சு தொங்குது. ஆண்டவர் வெளியே இவ்வளவு கொண்டாட்டம் வச்சிருக்காரு, நீ கொறட்டை விடுத. துளிர்த்துக் காட்டு, உன்னை எவன் வெட்டுதான்னு பாக்கேன்!"

"ஐப்பசி வரைக்கும் உயிர் தாங்குறதுக்குக் கொஞ்சம் சாரம் வச்சிருக்கேன். அதை இப்பவே செலவழிச்சிட்டு, அப்புறம் தண்ணி கிடைக்கலன்னா நெசமாவே செத்துருவேனே?"

"நீ துளிரு. தண்ணிக்கு நான் பொறுப்பு" என்றாள் ஞானப்பூ.

சொல்லிவிட்டாளே தவிர, தண்ணீருக்கு எங்கே போவாள்? ஊர்க்கிணற்றில் குடிக்கிற அளவுக்குத்தான் ஊற்று. மறுநாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "அரிசி கழுவுன கழுநீர் இருந்தா ஊத்துங்கக்கா, மாட்டுக்கு வேணும்" என்றாள்.

"உனக்கு ஏதுட்டி மாடு?"

"வாங்கப் போறேன்!"

நோன்பிருக்கிற தபசு நாளில் பொய் சொல்லுகிறோமே என்று அவளுக்கே கூச்சம். முப்பது வீட்டுக் கழுநீரையும் ஒவ்வொரு நாளும் அந்த வேரில் ஊற்றினாள். மரமும் தன்னிடம் இருந்த சாரத்தையெல்லாம் நுனிக்கு ஏற்றியது. சனிக்கிழமை காலை பார்த்தால், எறும்புத் தலை அளவுக்கு மொட்டு. ஒரு இலைகூட விரியவில்லை.

வேதமுத்து கோடாரியோடு வந்தான். ஞானப்பூ மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"விறகு கோயிலுக்குப் பின்னால அடுக்கியாச்சு, போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தான். எல்லாம் பனைமட்டை. வீட்டுக்கு ஓடினான். வீட்டைச் சுற்றி இருந்த வேலியைக் காணோம்.

"ஏட்டி, இருந்த ஒரு வேலியையும் பிடுங்கிட்டியே! மாசிலாமணி அண்ணாச்சி கேட்டா நான் என்ன சொல்ல?"

"நாளைக்கு நிழல்ல உக்காந்து கேக்கச் சொல்லுங்க!"

வாய்தான் அப்படிச் சொன்னது. இருட்டும்வரை மொட்டைப் போய்ப் போய்ப் பார்த்தாள்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் ஊரே பாடிக்கொண்டிருந்தபோது தேரிக்காற்று கிளம்பியது. அசனத்துக்குப் போட்டிருந்த ஓலைப்பந்தலை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. பொழுது விடிய வெளியே வந்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

"பச்சைப்பிள்ளைகளை வச்சிக்கிட்டு இந்த வெயில்ல எங்கய்யா பந்தி போட?" என்று கத்தினார் மாசிலாமணி. "அந்தச் செத்த மரத்தை வேற வெட்டாம..." என்று கையை நீட்டினார். நீட்டின கை அப்படியே நின்றுவிட்டது.

மரம் முழுக்கத் தளிர். உதயத்து வெளிச்சம் பட்டு ஒவ்வொரு இலையும் மினுமினுவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி இருந்தது. கொத்துக் கொத்தாக வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ. அடிமரத்தில் அந்தச் சுண்ணாம்புச் சிலுவை அழியாமல் இருந்தது.

"ஞானப்பூ! எழுந்துட்டேன்! நான் எழுந்துட்டேன்!" என்று மரம் ஊர் அதிரக் கூவியது.

ஞானப்பூ சிரித்தாள், அழுதாள், மரத்தைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு மாடு கிடையாது! நீங்க ஊத்துன கழுநீர் எல்லாம் இதுக்குத்தான் வந்துச்சு" என்றாள்.

"அடி கள்ளி, இதுதானா உன் மாடு!" என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாசிலாமணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். "சாவுக்குன்னு நான்தானே இந்தக் குறியப் போட்டேன்" என்றார் மெல்ல.

"நீங்க அப்படித்தான் போட்டீங்க அண்ணாச்சி. ஆண்டவரு அதை உயிருக்குத் திருப்பிட்டாரு" என்றாள் ஞானப்பூ.

அந்த நிழலில் முப்பது குடும்பமும் உட்கார்ந்தது. இலைச் சோற்றில் பூ விழுந்தது, ஒருத்தரும் தட்டிவிடவில்லை. சாப்பிடுவதற்கு முன் வேதமுத்து அண்ணாந்து ஒரு தேனீயைக் காட்டி, "ஆண்டவரே, இது நல்லாருக்கு!" என்றான். அவன் மகள் தளிரைக் காட்டி, "இதுவும் நல்லாருக்கு!" என்றாள். அப்படியே பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டே போய், சோறு ஆறிப்போனதுதான் மிச்சம். மறுநாள் விடியும்போதே வீட்டுக்கு ஒருவர் பனைமட்டையோடு வந்து ஞானப்பூவின் வேலியைக் கட்டிக்கொடுத்தார்கள்.

பிற்பாடு மரங்களெல்லாம் பேச்சை விட்டுவிட்டன. ஆனாலும் அன்று முதல்தான் புங்கமரம் மழைக்குக் காத்திராமல் பங்குனி வெயிலிலேயே தளிர்த்துப் பூக்கிறது, செம்மணல்விளைக் குடும்பங்களும் ஈஸ்டர் வாரம் முழுக்கக் கழுநீரை அதன் வேரில் ஊற்றிவிட்டு, "இதுவும் நல்லாருக்கு!" என்று சொன்ன பிறகுதான் முதல் கவளத்தில் கைவைக்கிறார்கள்.