கப்பல்னு பேர் வச்ச ஆமை

இந்தக் கதைய நான் சரியா சொல்லுவேனான்னு பயமா இருக்கு தேனு. உங்க அம்மான்னா கோர்வையா சொல்லுவா. நான் ஆறாப்போட பள்ளிக்கூடத்த விட்டவ. முன்ன வர்றதப் பின்ன சொல்லிருவேன். வேற கதைன்னா பரவாயில்ல, நரிய காக்கான்னு சொன்னாலும் யாருக்கும் நஷ்டமில்ல. இதுல ஒரு இடம் இருக்கு, அதத் தப்பா சொல்லிட்டேன்னா, நீ அத நம்பிட்டேன்னா, ஒரு உசுரு போயிரும். அதனால கண்ண மூடினாலும் "ம்" கொட்டிக்கிட்டே இரு. நீ "ம்" சொன்னாத்தான் பெரியம்மாவுக்குத் தைரியம். போர்வைய கால் வரைக்கும் இழுத்துக்கோ. காத்தாடி வேகமா சுத்துதோ? சரி, சுத்தட்டும்.

ஒரு ஊர்ல ஒரு ஆவுடையம்மா இருந்தா. அவ புருசன் பேரு சங்கரலிங்கம். அந்த ஆளுக்கு எப்பப் பாத்தாலும் வாயுத் தொல்லை. அவரோட அக்கா பிச்சம்மா அடுத்த வீட்டுல இருந்தா. ஆவுடைக்கு மதினி முறை. அப்புறம் அந்த வீட்டுல ஒரு ஆமை இருந்துச்சு. ஒரு நாளு வைக்கோல் வண்டியோட வந்து எறங்கினது, போக மாட்டேன்னு இருந்துருச்சு. முதுகு பூராவும் மஞ்சக் கோடு, கால் ஒவ்வொண்ணும் குட்டியானைக் கால் மாதிரி உருண்டையா இருக்கும். கால் அப்படி இருந்தத ஞாபகம் வச்சுக்கோ, பின்னால வரும். ஆமைன்னா தண்ணியில மெதக்கும்ல, அதனால ஆவுடை அதுக்குக் கப்பல்னு பேர் வச்சா.

ம் சொன்னியா? ம்.

கப்பல் நல்லாத்தான் இருந்துச்சு. கீரையப் போட்டா கருக் கருக்னு தின்னும். வெயில்ல காயும். கொல்லையில செம்பருத்திச் செடிக்கு அடியில மண்ணப் பறிச்சுக்கிட்டுப் படுத்துக்கும். அப்புறம் சங்கரலிங்கத்துக்கு என்ன தோணுச்சோ, கொல்லை சேறா இருக்குன்னு ஆள் வச்சு, செடியப் புடுங்கி, ஒரு மூலை விடாம சிமெண்டு பூசிட்டாரு. பள பளன்னு ஆயிருச்சு. கோலம் போட நல்லா இருக்கும்னு ஆவுடையும் சந்தோசப்பட்டா.

கொஞ்ச நாள் கழிச்சு கப்பல் ஒரு மாதிரியா ஆயிருச்சு. கீரைய மோந்து பாக்கும், திங்காது. செவத்த ஒட்டியே சர் சர்னு நடக்கும். மூலைக்குப் போகும், திரும்பி நிக்கும், பின்னங்கால வச்சு சிமெண்ட கர்ர் கர்ர்னு தேய்க்கும். அப்புறம் அடுத்த மூலை. அங்கயும் கர்ர் கர்ர். பின்னங்கால்ல தோல் கிழிஞ்சு ரத்தமே வந்துருச்சு.

நாய்க்கு வலிச்சா ஊளையிடும். மாடு கத்தும். ஆமைக்கு ஏது குரலு? நடக்கும், நிக்கும், தலைய உள்ள இழுத்துக்கும். அதுக்குத் தெரிஞ்ச பேச்சு அவ்வளவுதான். அந்தப் பேச்சு வீட்டுல யாருக்கும் வெளங்கல. மாட்டு டாக்டரத் தேடிப் போனாங்க. அவரு பக்கத்துக் கிராமத்துல ஆட்டுக்கு ஊசி போடப் போயிட்டாரு, சனிக்கெழமதான் வருவாருன்னுட்டாங்க.

அப்போ சங்கரலிங்கம் வந்து குனிஞ்சு பாத்தாரு. இது வாயுதான், சந்தேகமே இல்லன்னாரு. பின்ன, அவருக்குத் தெரிஞ்சது அதுதான. ஓமத்தண்ணிய சங்குல எடுத்து வாய்க்கிட்ட கொண்டு போனாரு. கப்பல் டுப்புன்னு தலைய உள்ள இழுத்துக்கிச்சு. ஓமத்தண்ணி முதுகுல ஒழுகி வீணாப்போச்சு. மிச்சத்த அவரே குடிச்சிட்டாரு.

அப்புறம் பிச்சம்மா வந்தா. கண்ணு பட்டிருக்குன்னு உப்பும் மொளகாயும் சுத்தி அடுப்புல போட்டா. பட படன்னு வெடிச்சு, தெருவே லொக்கு லொக்குன்னு இருமுச்சு. கப்பல் பாட்டுக்கு செவத்தோரமா சர் சர்.

ம் எங்க? ம். தூங்கிறாத, அந்த இடம் வருது.

வீட்டுக்குள்ள ஆமை வந்தா ஆகாதுன்னு சில பேர் சொல்வாங்க. பிச்சம்மா அப்படிப்பட்டவ இல்ல. அவளுக்குக் கப்பல் மேல உசுரு. அதனாலதான் யோசிச்சு யோசிச்சு இப்படிச் சொன்னா: "ஏட்டி ஆவுடை, தண்ணியில பொறந்தத தரையில வச்சிருக்கோம். அது தண்ணிக்கு ஏங்குதுட்டி."

கேட்டதும் ஆவுடை எந்திரிச்சு ஓடினா. பெரிய அண்டா நெறைய தண்ணி புடிச்சு, கப்பல உள்ள விட்டாங்க. குளுக்! ஒரே முழுக்கு. கல்லு மாதிரி அடியில போயிருச்சு. நாலு காலும் தப தபன்னு அடிக்குது, மூக்கு மேல வரல, குமிழி குமிழியா வருது. ஆவுடை கைய விட்டு வெடுக்குன்னு தூக்கிட்டா. புஸ்ஸுன்னு மூக்கு வழியாத் தண்ணி வந்துச்சு.

"பாத்தியா, எப்படி ஆசையா நீந்தப் பாக்குது. அண்டா பத்தல அதுக்கு"ன்னா பிச்சம்மா.

அப்புறம் என்ன, வெள்ளிக்கெழம கோயில் தெப்பக்குளத்துல விட்டுறலாம்னு முடிவாயிருச்சு. கொளத்துல ஆமை விட்டாப் புண்ணியம்னு ஊர்ல எல்லாரும் செய்யறதுதான். சங்கரலிங்கமும் சரின்னுட்டாரு. ஆவுடைக்கு மட்டும் மனசு ஒப்பல. அண்டாவுக்குள்ள அது துடிச்சது ஆசை மாதிரி தெரியல அவளுக்கு. ஆனா எந்த வாயால சொல்லுவா? கப்பல்னு பேர் வச்சதே அவதான. கப்பலுக்குத் தண்ணி ஆகாதுன்னு சொன்னாச் சிரிக்க மாட்டாங்களா?

அதனால சும்மா கொல்லையில உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தா. பாக்கப் பாக்க ஒண்ணு தோணுச்சு. தப்பிச்சு ஓடறதுக்குத் தோண்டுறதுன்னா நாய் எப்படித் தோண்டும்? முன்னங்காலால, மூக்க விட்டு. இது முன்னங்கால ஊணிக்கிட்டு, தலைய நீட்டிக்கிட்டு, பின்னங்காலால தோண்டுது. ஒரு கால், அப்புறம் மறு கால். பின்னால என்ன இருக்குன்னு திரும்பிக்கூடப் பாக்கல. இது என்ன தோண்டல்? அவளுக்குப் புடிபடல. ஆனா மனசுல வச்சுக்கிட்டா.

வெள்ளிக்கெழம வந்துச்சு. கப்பல் முதுகுல மஞ்சளும் குங்குமமும் வச்சு, கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. தெப்பக்குளம் நெறஞ்சு கெடந்துச்சு. படிக்கட்ட சரி பண்ணுறதுக்காகக் கரையில ஒரு மணல் குமியல். பிச்சம்மா கப்பலத் தூக்கிக்கிட்டுத் தண்ணிப் பக்கமாப் போனா. அப்போ ஆவுடை ஒண்ணே ஒண்ணு கேட்டா: "மதினி, நம்ம போட வேணாம். படியில எறக்கி விடுங்க. அது எந்தப் பக்கம் போகுதோ போகட்டும்."

அதுவும் நியாயமாத்தான் இருந்துச்சு. எறக்கி விட்டாங்க. கப்பல் தண்ணிய ஒரு பார்வை பாத்துச்சு. திரும்பிருச்சு.

கூச்சப்படுதுன்னு பிச்சம்மா அதத் தண்ணிப் பக்கமாத் திருப்பி வச்சா. மறுபடியும் திரும்பிருச்சு. பொறந்த வீட்டுக்கு ரொம்ப நாள் கழிச்சுப் போற பொண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்னு சொல்லி, மூணாவது தடவையும் திருப்பி வச்சா. மூணாவது தடவையும் திரும்பி, கப்பல் விறு விறுன்னு நடந்துச்சு பாரு, ஆமை அப்படி நடந்து யாரும் பாத்ததில்ல. நேரா மணல் குமியலுக்குப் போச்சு. மூக்க வச்சு மோந்துச்சு. பின்பக்கம் திரும்பிச்சு. ஒரு கால், அப்புறம் மறு கால். இப்போ கர்ர் கர்ர்னு கேக்கல. சொர சொரன்னு மணல் சரிஞ்சுது.

போதும் விளையாட்டுன்னு பிச்சம்மா தூக்கப் போனா. ஆவுடை குறுக்க போயி மணல்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டா. அதுவரைக்கும் மதினிய எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல அவ.

"தூக்காதீங்க மதினி. இது போறதுக்கு வழி தேடல. வைக்கறதுக்கு எடம் தேடுது."

என்னத்த வைக்கன்னு பிச்சம்மா கேக்க வாயெடுத்தா. அப்போ...

டொப்.

ம் சொல்லு. ம்.

குழிக்குள்ள வெள்ளையா, எலுமிச்சம்பழத்த விடச் சின்னதா, ஒரு முட்டை. கப்பல் கண்ண மூடிக்கிட்டு மூச்சு விடுது. ஆவுடை மெதுவாச் சொன்னா, "மதினி, கப்பல் பொம்பளப் புள்ள."

பிச்சம்மா யாரு தெரியுமா? அந்தத் தெருவுல எந்தப் பொண்ணுக்கு வலி வந்தாலும் கையப் புடிச்சுக்கிட்டுக் கூட நிக்கிறவ. அவளுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. "ஏட்டி, புள்ளத்தாச்சியையா தண்ணியில போட இருந்தேன்"னு ஒரு தடவதான் சொன்னா. உடனே சேலைத் தலப்ப விரிச்சு மறைப்பாப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டா. "ஏலே சங்கரலிங்கம், பாத்துக்கிட்டு நிக்கிறியே. அந்தப் பக்கம் திரும்பு." சங்கரலிங்கம் பாவம், கொளத்தப் பாத்துத் திரும்பி, கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. கோயிலுக்கு வந்தவங்க எல்லாம் யாருக்கு என்னமோன்னு சத்தமில்லாம ஒதுங்கிப் போனாங்க.

டொப். டொப். அப்புறம் கப்பல் அதே பின்னங்காலால மண்ணத் தள்ளி மூடி, வயித்தால தொம் தொம்னு தட்டி விட்டுச்சு. நாலு எட்டு நடந்து கரையில இருந்த அருகம்புல்ல ஒரு வாய் கடிச்சுது. கருக். அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் ஆவுடை அழுதா.

குட்டி வந்துச்சான்னா கேக்குற? வரல கண்ணு. சேவல் இல்லாமக் கோழி வைக்கிற முட்டை மாதிரிதான் அது. ஆனா வெளிய வரலேன்னா அம்மா செத்துப் போயிரும். மறுநாள் மாட்டு டாக்டரு வந்து அதத்தான் சொன்னாரு. திங்காம, நிக்காம, பின்னங்காலால தோண்டினா அதுக்கு ஈர மண்ணு வேணும், மண்ணக் குடுத்தும் வைக்கலேன்னா உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு வரணும். கால் புண்ணுக்கு மருந்து போட்டுட்டு இன்னொண்ணும் சொன்னாரு. தண்ணியாமைக்கு வெரலுக்கு நடுவுல வாத்துக்கு மாதிரி தோல் இருக்கும். குட்டியானைக் கால் மாதிரி இருந்தா அது தரையாமை, ஆழத்தண்ணியில போட்டா மூழ்கிச் செத்துரும். ரெண்டுக்கும் ஆமைன்னு ஒரே பேரா வச்சதுலதான் எல்லாக் கொழப்பமும். இதுதான் நான் பயந்த இடம். சரியாச் சொல்லிட்டேன்ல? யானைக் கால், தரை. தோல் கால், தண்ணி. ஆமா, சரிதான்.

கொளத்துல இருந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஆவுடை கடப்பாரைய எடுத்து, வெயில் விழுற மூலையில சிமெண்டப் பேத்து, மண்ணக் கொட்டி, செம்பருத்திக் கம்ப நட்டா. சங்கரலிங்கம் பேத்த சிமெண்ட அள்ளி வெளிய கொட்டினாரு. அதோட அவளுக்குப் பயம் தீரல. நாளைக்கு நம்ம இல்லாத நேரத்துல யாராவது புண்ணியவான் வந்து கொளத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டா? யோசிச்சா. அந்தப் பேர எடுத்துட்டா. கப்பல்னு யாரும் கூப்பிடக் கூடாது, இனிமே இவ பேரு தரையம்மான்னுட்டா. பால்காரர், பக்கத்து வீட்டுப் புள்ளைங்க, எல்லாரும் அப்படியே கூப்பிட்டாங்க. தரையம்மா, தரையம்மான்னு கூப்பிட்ட வாய் அதத் தண்ணியில போடச் சொல்லுமா? சொல்லாது.

ம்?

தூங்கிட்டா. முட்டை மண்ணுக்குள்ள, கண்ணு இமைக்குள்ள, கதை அம்புட்டுத்தான். தூங்கு.