ஏழு பூச்சு பூசின மூடி

வடசென்னையில ஒரு பெரிய ஃபுட்பால் கிளப் இருந்துச்சு. பெரிய கிளப்புன்னா நாட்டுலயே முதல் வரிசையில ஆடுற கிளப். பசங்க நெஞ்சுல மிஷின் கட்டிக்கிட்டு ஓடுவாங்க. யாரு எத்தனை கிலோமீட்டர் ஓடினான், நெஞ்சு எப்படி அடிச்சுதுன்னு அது புட்டுப் புட்டு வைக்கும். காலையில சாப்பிட்டானான்னு மட்டும் சொல்லாது.

அங்க கோச்சா இருந்தவரு பெஞ்சமின் மாஸ்டர். அந்த மிஷின் பக்கமே அவரு திரும்ப மாட்டாரு. அவருக்கு மைதானம் வரைஞ்ச ஒரு பலகை, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சோடா மூடி, அவ்வளவுதான். ஒரு மூடிக்கு ஒரு ஆளு. மூடி மேல நெயில் பாலிஷ் தடவியிருப்பாரு. முன்னாடி நின்னு கோல் போடுறவனுக்குச் சிவப்பு, பின்னாடி தடுக்குறவனுக்கு ஊதா, நடுவுல ஆடுறவனுக்குப் பச்சை. ஆளு இடம் மாறினா, பழைய கலர் மேலயே புதுசைப் பூசிருவாரு.

கல்யாணமான புதுசுல அவரு பொண்டாட்டி ஸ்டெல்லா, சிவப்பு பாட்டிலைக் காணோம்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சண்டைக்குப் போயிருச்சு. ரெண்டு வருஷம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சே இல்ல. கடைசியில பாட்டில் கெடைச்சது மாஸ்டரோட சட்டைப் பையில. அப்பவும் மனுஷன் ஒரு மன்னிப்பு கேக்கல. அந்த வார்த்தை அவரு வாயில வராது. சரி, அது கெடக்கட்டும்.

மாஸ்டருக்குக் கீழ இருந்த கோச் தணிகைவேல். அவருகிட்டயே ஆடி, அவருகிட்டயே தொழில் கத்துக்கிட்டவன். ஞாயித்துக்கிழமை செமி ஃபைனல். பின்னாடி இடது பக்கம் நின்னு தடுக்குற லெஃப்ட் பேக் பையனுக்குக் கணுக்கால் பிசகிருச்சு. அதான் வெள்ளிக்கிழமை உச்சி வெயில்ல ரெண்டு பேரும் பலகைய நடுவுல போட்டுக்கிட்டு உக்காந்தாங்க. தணிகைக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. இந்த ஆட்டம் தோத்தா மாஸ்டரை விட்டுட்டு அவனைத்தான் குதறுவாங்கன்னு அவனுக்குத் தெரியும்.

"ரீகனைப் பின்னாடி இறக்கிரலாம் மாஸ்டர்."

ரீகன் காசிமேட்டுப் பையன். பதினெட்டு முடிஞ்சிருச்சு. அந்த வருஷம் எல்லாரையும் விட அவன்தான் அதிகமா கோல் போட்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை இந்தியா டீமுக்கு ஆள் பாக்க வர்றாங்க," ன்னாரு மாஸ்டர். "சின்னப் பசங்க டீமு. கோல் போடுறவன் ரெண்டு பேரு வேணுமாம். அடுத்த வருஷம் இவனுக்கு வயசு தாண்டிரும்."

"தெரியும் மாஸ்டர். ஆனா பின்னாடி ஓட்டையா இருந்தா நாலு கோல் வாங்குவோம். இவன்தான் நல்லா ஓடுறான். மிஷின்லயே இருக்கு."

"மிஷினையே லெஃப்ட் பேக்ல நிறுத்தேன்."

தணிகை சிரிக்கல.

"அவனைக் கேட்டியா?"

"கேட்டேன். 'எங்க போட்டாலும் ஆடுறேண்ணா'ன்னான். மூஞ்சியக்கூடச் சுளிக்கல. அந்த மாதிரி ஒரு பையன் எவனுக்குக் கெடைப்பான் மாஸ்டர்?"

மாஸ்டர் டப்பாவை அவன் பக்கம் தள்ளினாரு.

"அப்ப கலரை மாத்து."

தணிகை ஊதா பாட்டிலைத் தேடி டப்பாவுக்குள்ள கைய விட்டுத் துழாவினான். பாட்டிலோட சேர்ந்து அடியில ஒரு பழைய மூடியும் தட்டுப்பட்டுச்சு. எடுத்தா கனக்குது. சிவப்பு மேல ஊதா, அதுக்கு மேல பச்சை, திரும்பவும் சிவப்பு, ஓரத்துல கோல்கீப்பரோட மஞ்சள். நகத்தால சுரண்டி எண்ணிப் பாத்தான். ஏழு பூச்சு. பாலிஷ் வழிஞ்சு மூடியோட பல்லெல்லாம் கட்டியாக் காஞ்சிருந்துச்சு. பலகையில வெச்சான். மூடி நிக்காம ஆடுச்சு.

"இது யாரு மாஸ்டர்?"

மாஸ்டர் எழுந்து வாசப்படிக்குப் போனாரு.

வெளிய, கிளப்புல எடுபிடி வேலை பாக்குற அமலதாஸ் சுண்ணாம்பு வாளியத் தூக்கிக்கிட்டு மைதானத்துல கோடு போட்டுக்கிட்டிருந்தாரு. அவரு போடுற கோடு நூல் புடிச்ச மாதிரி இருக்கும். வெளியூர்லருந்து வந்த கோச் ஒருத்தன் பந்தயம் கட்டி, டேப்பு வெச்சு அளந்து தோத்துப் போனான். அமலதாஸுக்கு வலது கால் மடங்காது. லாரி ஏறிருச்சுன்னு கேன்டீன்ல சொல்லுவாங்க. வேற யாரோ, தண்ணி போட்டுட்டு மாடியிலருந்து விழுந்தாருன்னாங்க. யாரும் அவரைக் கேட்டதில்ல. அவரும் சொன்னதில்ல.

"அமலா," ன்னு கூப்பிட்டாரு மாஸ்டர். "லெஃப்ட் பேக்."

அமலதாஸ் வாளிய இறக்கி வெச்சாரு. கைய லுங்கியில தொடச்சாரு. காலை இழுத்துக்கிட்டே போயி, லெஃப்ட் பேக் நிக்கிற இடத்துல நின்னாரு. எதுக்குன்னு கேக்கல. எதிர்ல ஆளும் இல்ல, பந்தும் இல்ல. பந்து வரப்போற மாதிரி குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னாரு.

"ரைட் விங்கு."

மைதானத்தோட முழு அகலத்தையும் கடந்து அந்தப் பக்கம் போனாரு.

"ஸ்டாப்பர்."

திரும்பி வந்து கோலுக்கு முன்னாடி நின்னாரு. சட்டை முதுகோட ஒட்டிருச்சு.

"என்ன மாஸ்டர் இது?" ன்னான் தணிகை. "அவரு ஆடினவரா?"

"மூணு கப்பு வாங்கிக் குடுத்தவன். ஒரு ஃபைனல்ல நாலு இடத்துல போட்டேன். முட்டி பானை மாதிரி வீங்கியிருந்துச்சு. ஊசி போட்டு இறக்கினேன். முடியாதுன்னு சொல்லல."

"இந்தியா டீமுக்கு எடுக்கலையா?"

"பாக்க வந்தாங்க. இவன் எந்த இடத்துல ஆடுறவன்னு கேட்டாங்க. எங்க போட்டாலும் ஆடுவான்னு பெருமையாச் சொன்னேன். பேனாவை மூடி வெச்சுட்டாங்க."

தணிகை கையில இருந்த ஊதா பாட்டிலைத் திறக்கவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல.

வெளிய அமலதாஸ் நல்ல காலு மேல பாரத்தைப் போட்டு நின்னாரு. கண்ணு மட்டும் வாசப்படியவே பாத்துச்சு.

"போதும் மாஸ்டர். வரச் சொல்லுங்க."

மாஸ்டர் திரும்பி வந்து பலகை முன்னாடி உக்காந்தாரு. அமலதாஸோட அந்தப் பழைய மூடிய எடுத்து ஒரு இடத்துல வெச்சாரு. ஆடுச்சு. இன்னொரு இடத்துல வெச்சாரு. அங்கயும் ஆடுச்சு.

"உங்களைத்தான் பாத்துட்டு நிக்கிறாரு. வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாஸ்டர் மூடிய விரலால அமுக்கிப் புடிச்சுக்கிட்டாரு.

"வரச் சொல்லி, எங்கடா நிறுத்துவேன்?"