பதிலுக்கு ஒரு கட்டில்

சினிமா முட்டாள்கள் எல்லோரும் கோடம்பாக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சுத்தப் பொய். சாலிகிராமத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேரைத் தேடிப் பிடித்து ஒரே மேடையில் உட்காரவைத்த பெருமை ஜெயகௌரியைத்தான் சேரும்.

ஜெயகௌரி ஒரு டிவி சேனலில் வினாடி வினா நடத்துகிறவள். கேள்வி எழுதுவதும் அவள்தான், மேடையில் நின்று கேட்பதும் அவள்தான். அவளுடைய தோழி டாக்டர் ஹெப்சிபா ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ஒருநாள் அங்கே போன ஜெயகௌரி, வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள் படுத்திருப்பதைப் பார்த்தாள். காலில் மாவுக்கட்டுப் போட்ட பெண் குழந்தையின் பாதம், மூச்சுத்திணறல் வந்த பையனின் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் ஏற்கெனவே மூச்சு விடக் கஷ்டப்படுகிறவன்.

"இருக்கிறது பத்து கட்டில். படுக்கிறது இருபது பிள்ளைகள். நான் யாரை இறக்கிவிட?" என்றார் ஹெப்சிபா.

"பத்து கட்டில் நான் வாங்கித் தரேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் ஜெயகௌரி. கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஒரு கட்டில் என்ன விலை என்று விசாரித்தாள்.

கட்டில் கம்பெனி முதலாளி சொக்கலிங்கம் கை கொடுத்தார். நட்சத்திரங்கள் வந்து விளையாட வேண்டும்; பத்துக் கேள்வி; ஒரு சரியான பதிலுக்கு ஒரு கட்டில். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அதைச் சரியாகச் சொன்னால் அதுவரை விட்டுப்போன கட்டில்களும் சேர்ந்து கிடைக்கும்.

காசு வாங்காமல் வர ஒப்புக்கொண்டவர்கள் மூன்றே பேர். 'எரிமலை ஸ்டார்' அகிலேந்திரன். சீரியலில் தினமும் அழுகிற மாதுரிகா. படத்துக்குப் படம் அடிவாங்கிச் சாகிற வில்லன் தாண்டவராயன். மூவருக்கும் தங்கமான மனசு. மனசுக்கு மேலே கழுத்தைத் தாண்டி இருக்கிற பகுதியைப் பற்றித்தான் இந்தக் கதை.

முதல் நாள் ஜெயகௌரி அவர்களுக்கு ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னாள். "பயப்படாதீங்க. வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. அது போதும்."

மறுநாள் அகிலேந்திரன் லுங்கி பனியனோடு வந்து மேடையில் உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டார். மாதுரிகா ஒரு கூடை சின்ன வெங்காயத்தோடு வந்து உரிக்க ஆரம்பித்தாள். தாண்டவராயன் சோபாவில் கால் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டார். அவர் வீட்டில் அந்நேரம் தூங்குகிற நேரமாம்.

ஜெயகௌரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "வீடுதான். ஆனா வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க. அப்படி நினைச்சுக்கோங்க."

உடனே மூவரும் உடை மாற்றிக்கொண்டு வந்தார்கள். அவள் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் பார்வையாளர் பக்கம் இறங்கி, ஒவ்வொருவரிடமும் "வாங்க, பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா, ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். மாதுரிகா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். தாண்டவராயன் ஒரு பாட்டியின் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் போகக் கூடாது என்று அடம்பிடித்தார். படப்பிடிப்பு தொடங்க மத்தியானம் ஆகிவிட்டது.

"முதல் கேள்வி," என்றாள் ஜெயகௌரி. "தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது? அ, யானை. ஆ, புலி. இ, வரையாடு. ஈ, மான். பதில் தெரிஞ்சா முன்னாடி இருக்கிற மணியை அழுத்துங்க."

அகிலேந்திரன் மணியைப் பார்த்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே ஒயர் ஓடியது. அவர் முகம் இறுகியது. "கரண்ட்டு இருக்கிற ஐட்டம். ரிஸ்க் ஷாட். டூப்பைக் கூப்பிடுங்க."

டூப் வந்தார். அகிலேந்திரன் போட்டிருந்த அதே சட்டை. அவர் வாசலிலிருந்து ஓடி வந்து, ஒரு குட்டிக்கரணம் போட்டு, மணியின் மேல் மார்போடு விழுந்தார். மணி அடித்தது. அதோடு மேஜை இரண்டானது. டூப் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். பார்வையாளர்கள் கை தட்டினார்கள்.

"இப்போ பதில் சொல்லணும் சார்," என்றாள் ஜெயகௌரி.

மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"யானை அப்பப்போ கேரளாவுக்குப் போயிடுது. அது எப்படி நம்ம விலங்கு ஆகும்?" என்றார் தாண்டவராயன்.

"புலி என் படத்தோட டைட்டில். அதை வேற யாருக்கும் தர முடியாது," என்றார் அகிலேந்திரன்.

"மான் ஹீரோயினுக்கு. பாட்டுல எப்பவும் எங்களைத்தானே மான்னு சொல்றாங்க," என்றாள் மாதுரிகா.

"அப்போ மிச்சம் இருக்கிறது ஆடுதான். பாவம், அதுக்கும் ஒரு சான்ஸ் கொடுப்போம்," என்று முடித்தார் அகிலேந்திரன்.

"இ," என்றார்கள். சரியான பதில். ஒரு கட்டில். ஜெயகௌரிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேகத்தில் போனால் இருபது குழந்தைகளும் தனித்தனியாகக் கால் நீட்டிவிடும் என்று நினைத்தாள். நினைப்பதற்குக் காசா, பணமா.

இரண்டாவது கேள்வி மாநில மலர். செங்காந்தள் 'அ'வில் இருந்தது. மூவரும் 'இ' என்றார்கள். மூன்றாவது கேள்விக்கும் 'இ'. நாலாவது கேள்வி முடிவதற்கு முன்பே 'இ'. மூன்றும் தப்பு.

ஜெயகௌரி கேமராவை நிறுத்தச் சொன்னாள். "ஏன் சார் எல்லாத்துக்கும் இ சொல்றீங்க?"

அகிலேந்திரன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "மேடம், நீங்க டிவி. உங்களுக்குத் தெரியாது. முந்தின ஷாட்ல ஹீரோ கையில டம்ளர் இருந்தா அடுத்த ஷாட்லயும் இருக்கணும். அதுக்குப் பேர் கண்டின்யுட்டி. முதல்ல இ சொல்லிட்டோம். இப்போ போய் அ சொன்னா எடிட்டிங்ல ஒட்டாது."

"ஒரு தடவை என் நெத்திப் பொட்டு மாறிப்போச்சு மேடம்," என்றாள் மாதுரிகா. "ஜனங்க எவ்வளவு திட்டினாங்க தெரியுமா."

ஜெயகௌரி பத்து எண்ணிவிட்டுப் பேசினாள். "சரி. ஒவ்வொரு கேள்வியையும் ஒரு புதுப் படம்னு நினைச்சுக்கோங்க. பழசுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

சொல்லியிருக்கக் கூடாது. புதுப் படம் என்றால் பூஜை போடாமல் எப்படி? பூசணிக்காய் வந்தது, கற்பூரம் வந்தது, தேங்காய் உடைந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சொக்கலிங்கத்தைக் கேமராவை முடுக்கிவைக்கச் சொன்னார்கள். மனிதர் புல்லரித்துப் போய் முடுக்கிவைத்தார்.

"ஐந்தாவது கேள்வி. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் கோள் எது?"

அகிலேந்திரன் எழுந்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, கணீரென்று சொன்னார்: "வெற்றி. வெற்றி. வெற்றி."

"சார், புதன் சார்," என்று ஜெயகௌரி தன்னை அறியாமல் முனகினாள்.

"அது எங்களுக்கும் தெரியும் மேடம். ஸ்கூல்ல படிச்சதுதானே," என்றார் தாண்டவராயன். "ஆனா புதுப் படத்துல முதல் ஷாட்டுக்கு நல்ல வார்த்தைதான் பேசணும். கிரகத்து பேரையெல்லாம் சொன்னா படம் விளங்குமா?"

ஐந்து கேள்வி போய்விட்டது. கையில் இருப்பது ஒரே ஒரு கட்டில். ஜெயகௌரிக்கு அந்தப் பையனின் மூக்கும் அந்தப் பெண்ணின் பாதமும் கண்ணுக்குள் வந்து நின்றன. ஹெப்சிபா முகத்தில் எப்படி விழிப்பது? அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். இனிமே நான் சொல்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்காதீங்க."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டி வாயை மூடிக்கொண்டார்கள். கோபம் ஆறியதும், தான் சொன்னது அவளுக்கே மறந்துவிட்டது. ஆறாவது கேள்வி கேட்டாள். பதில் இல்லை. ஏழாவதுக்கும் இல்லை. எட்டாவதுக்கு மாதுரிகாவின் கண்ணில் பதில் துடித்தது. உதட்டை இன்னும் இறுக்கமாகக் கடித்துக்கொண்டாள். ஒன்பதாவதும் போனது. தெரியாமல்தான் விழிக்கிறார்கள் என்று ஜெயகௌரி நினைத்தாள். அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

கடைசிக் கேள்வியைப் படித்தாள். "நிலாவில் காற்று கிடையாது. அங்கே ஒருவர் வெறும் வெளியில் நின்று கத்தினால், பக்கத்தில் நிற்பவருக்கு என்ன கேட்கும்?"

மூவரும் அவளைப் பார்த்தார்கள். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அகிலேந்திரனின் கன்னம் வீங்கியது. தாண்டவராயனுக்குத் தும்மல் வந்தது, அதையும் விழுங்கினார். ஒரு சத்தம் இல்லை. நேரம் முடிந்ததற்கான விளக்கு எரிந்தது.

சொக்கலிங்கம் இருக்கையை விட்டு எழுந்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஒண்ணுமே கேட்காது. அதுதானேம்மா பதில்? அதை வாயால சொன்னாக்கூடத் தப்புன்னு, நடிச்சே காட்டிட்டாங்க பாருங்க. இதுக்கு ரிகர்சலா நாலு கேள்வியைத் தியாகம் பண்ணியிருக்காங்க. இவங்களுக்குத் தராம யாருக்குத் தர? பத்து கட்டிலும் என் கணக்கு."

அரங்கம் அதிர்ந்தது. ஜெயகௌரிக்கு அப்போதுதான் தான் போட்ட உத்தரவு நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவளும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் கட்டில்கள் வந்து இறங்கின. பத்துக் குழந்தைகளைப் பழைய கட்டில்களிலிருந்து தூக்கிப் புதுக் கட்டில்களில் படுக்கவைத்தார்கள். மூச்சுத்திணறல் பையன் கையைக் காலை விரித்துப் போட்டுப் படுத்து, தன் கட்டில் எவ்வளவு அகலம் என்று அளந்து பார்த்துக்கொண்டான். ஜெயகௌரி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

மூன்று நட்சத்திரங்களுக்கும் மாலை போட்டார்கள். டாக்டர் ஹெப்சிபா நாலு வார்த்தை பேசினார். "எனக்கு ஒரே ஒரு ஆசைதான். இந்தப் புதுக் கட்டில் பத்தும் காலியாக் கிடக்கணும். அதை என் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டா ஒரு டாக்டரா எனக்கு அது போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டரும் ஜெயகௌரியும் சொக்கலிங்கத்தோடு டீ குடிக்க கேன்டீன் பக்கம் போனார்கள். மூவர் மட்டும் கழுத்தில் மாலையோடு வார்டிலேயே நின்றார்கள்.

"அந்தம்மா பேசினதைக் கேட்டீங்களா?" என்றார் அகிலேந்திரன். "எத்தனை வருஷமா மனசுல வெச்சிருந்தாங்களோ."

"பெரிய ஆசையும் இல்ல. நம்மால முடியாததா?" என்றாள் மாதுரிகா.

தாண்டவராயன் கட்டில்களை நோட்டம் விட்டார். "முடியும். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. எல்லாத்துலயும் யாராவது படுத்திருக்காங்க."

டீ குடித்துவிட்டு வார்டுக்குள் நுழைந்த ஜெயகௌரி வாசலிலேயே நின்றுவிட்டாள். பத்துப் புதுக் கட்டில்களும் காலியாக இருந்தன. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. இருபது குழந்தைகளும் பழையபடி பத்துப் பழைய கட்டில்களில், ஒருவர் தலைமாட்டில் ஒருவர் காலாக, இரண்டிரண்டு பேராகப் படுத்திருந்தார்கள். மாதுரிகா அவர்களுக்குப் போர்வை போர்த்திவிட்டுக்கொண்டிருந்தாள். தாண்டவராயன் வாசலில் நின்று, உள்ளே வர முயன்ற நர்ஸைப் பணிவோடு தடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஹெப்சிபாவுக்குத் தலை சுற்றியது. அப்படியே பக்கத்தில் இருந்த புதுக் கட்டிலில் உட்காரப் போனார். அகிலேந்திரன் பாய்ந்து வந்து அவரைத் தாங்கிப் பிடித்து, மெதுவாகத் தரையில் உட்காரவைத்தார்.

"பார்த்து டாக்டரம்மா," என்றார் கனிவோடு. "இப்பத்தான் உங்க ஆசை நிறைவேறியிருக்கு. நீங்களே அதைக் கெடுத்துக்காதீங்க."