நாடி நூற்று நான்கு

மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில், வாய்மொழித் தேர்வில் ஆவுடைச்செல்விக்கு நாக்கு எழவில்லை. பதில் தெரியும். ஆனாலும் சொல் வரவில்லை. அன்றிலிருந்து வார்டு வாசலை மிதித்தாலே குமட்டும். ஓடிப்போய் வாந்தி எடுப்பாள், முகத்தைக் கழுவுவாள், ஒன்றும் நடக்காததுபோல் வந்து நிற்பாள். ஆறு வாரம் இப்படியே போனது.

ஏழாவது வாரம், படிப்பை விட்டுவிடுவதாகக் கடிதம் எழுதிக்கொண்டு அறுவைச் சிகிச்சைப் பேராசிரியை ஜெசிந்தாவைத் தேடிப் போனாள். அவர் பச்சை உடுப்பு மாற்றி, ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைய இருந்தார். நின்றபடியே படித்தார்.

“வீட்டுல தெரியுமா?”

“அப்பா உப்பளத்துல வெயில்ல நிக்கிறாங்க. அவங்கட்ட எப்படி மேடம் சொல்லுவேன்?”

“ரூம்ல கூட இருக்கிறவளுக்கு?”

“பர்ஸானா நல்லாத்தான் இருக்கா. எனக்கு மட்டும்தான் இப்படி. இந்தப் பயம் எப்பதான் மேடம் போகும்?”

ஜெசிந்தா கையை நீட்டினார்.

“நாடி பாரு. முழுசா ஒரு நிமிஷம்.”

செல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். சந்தேகம் வந்து, முதலிலிருந்து மறுபடி எண்ணினாள்.

“நூத்தி நாலு. காய்ச்சலா மேடம்?”

“இல்லை. உள்ளே ஒரு அம்மா படுத்திருக்காங்க. பித்தப்பையில கல்.”

“நீங்க ஆயிரம் தடவை செஞ்சதுதானே?”

“எனக்கு ஆயிரம். அந்தம்மாவுக்கு இதுதான் முதல் தடவை.”

செல்வி மணிக்கட்டை விடவில்லை. இருபத்தாறு வருட அனுபவம் அவள் விரலுக்கு அடியில் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

“இதோட எப்படி மேடம் உள்ளே போவீங்க?”

“யார்ட்டயாவது கையை நீட்டிருவேன். வழக்கமா மயக்க மருந்து டாக்டர் பார்ப்பார். இன்னைக்கு நீ. இப்ப எவ்வளவு?”

செல்வி எண்ணினாள். “தொண்ணூத்தி ரெண்டு.”

“போதும்.”

கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டுக் கதவைத் தள்ளியவர், திரும்பிப் பார்த்தார்.

“உனக்கு யாரு பாக்குறா?”

கதவு மூடிக்கொண்டது.

மத்தியானம் விடுதியில் பர்ஸானா புத்தகத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். செல்வி அவள் எதிரில் போய் உட்கார்ந்து, நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

பர்ஸானா எண்ணி முடித்தாள். புத்தகத்தை மூடிவிட்டுத் தன் கையையும் நீட்டினாள்.

“எனக்கும் பாரேன், செல்வி.”