ஒரே கட்டையில் இரண்டு வடம்

"ஏற்கெனவே ஒருத்தன் கட்டி வச்ச எடத்துல நான் எங்கன கட்டுறது, தண்டல்?"

கோமதிநாயகம் இப்படிக் கேட்டது கப்பலைப் பற்றி இல்லை. வீட்டைப் பற்றி.

கேட்கப்பட்டவர் கிளீட்டஸ். துறைமுகத்துக்குள் கப்பல் வந்து அணையும்போது வடத்தை வாங்கிக் கரையில் கட்டி, கிளம்பும்போது அவிழ்த்துவிடுகிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். தலைவரைத் தண்டல் என்பார்கள். வயது முப்பத்திரண்டு. கேட்டவருக்கு நாற்பத்தாறு. குரு என்றால் தாடி நரைத்திருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தது?

கோமதிநாயகம் எடைமேடையில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவர். அங்கே மெஷின் வந்ததும் இவரைக் கயிற்றுக் கூட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வடம் பிடிக்கத் தெரியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரியும். கூட்டத்தில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பேர்.

வந்த வாரமே ஒரு கேள்வி. வடம் இறுகி விறைத்துக் கிடக்கும்போது அதை எப்படி அவிழ்ப்பது என்று கேட்டார்.

"அப்ப அவுக்காதீங்க," என்றார் கிளீட்டஸ்.

அவ்வளவுதான் பாடம். கடற்காற்றில் நின்று வேலை பார்க்கிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். பேசினாலும் காற்று கொண்டுபோய்விடும்.

இன்றைக்குக் கேட்டதற்குக் கிளீட்டஸ் சட்டைப் பையிலிருந்து பொரிகடலையை அள்ளி நீட்டினார். கோமதிநாயகம் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

சங்கதி இதுதான். அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அதுவரை என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். மூன்று தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தலை நரைத்திருந்தது. மனைவி முப்பிடாதி கணவனை இழந்தவள். முதல் கணவன் லிங்கதுரை உப்பு லாரி ஓட்டியவன். நெஞ்சுவலியில் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவனுக்குப் பிறந்தவள் பூரணி. பதினொரு வயது.

பூரணி கோமதிநாயகத்தோடு பேசுவதில்லை.

முதலில் ஏதோ கொஞ்சம் பேசினாள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, அம்மா கூப்பிடுகிறாள், அந்த மட்டில். அதுவும் நின்று ஒரு மாதம் ஆகிறது. அவர் வாரம் தவறாமல் வாங்கிப்போகும் மக்ரூன் பொட்டலம் பிரிக்காமலே எறும்புக்குப் போகிறது. இப்போது ஏரலில் இருக்கிற சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். நாளை ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து கூட்டிப்போகிறார். முப்பிடாதி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அடுப்படியில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள்.

"பிள்ள போயிட்டா அவ நடைப்பொணம் ஆயிருவா," என்றார் கோமதிநாயகம். கொஞ்சம் நிறுத்தி, "நானுந்தான். சொன்னா சிரிப்பீங்க தண்டல், எனக்கு அந்தப் பிள்ளைய அம்புட்டுப் பிடிக்கும்," என்றார்.

கிளீட்டஸ் சிரிக்கவில்லை.

"ஒரு மாசத்துக்கு முந்தி என்ன நடந்துச்சு, அண்ணாச்சி?"

"ஒண்ணும் நடக்கல. வீட்டுக்கு வெள்ளையடிச்சோம்."

"பொறவு?"

வெள்ளையடித்த சுவர் வெறிச்சென்று இருந்ததாம். தங்கள் கல்யாணப் படத்தைக் கண்ணாடி போட்டு வாங்கிவந்தாராம். சுவர் கான்கிரீட், எத்தனை அடித்தும் ஆணி இறங்கவில்லை. ஏற்கெனவே ஓர் ஆணி இருந்தது. லிங்கதுரையின் படம் தொங்குகிற ஆணி. அதன் மேலேயே மாட்டிவிட்டார்.

"அவரு படத்த நான் எடுக்கல. சத்தியமா எடுக்கல. பின்னாடி அப்படியேதான் கெடக்கு."

கிளீட்டஸ் பொரிகடலையை மென்றுகொண்டே கடலைப் பார்த்தார். தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. வேலை வந்துவிட்டது.

ஆடி மாதத்துக் கச்சான் காற்று. வாயைத் திறந்தால் கரித்தூள்தான் காலைச் சாப்பாடு. கப்பல் அணையும் மேடையில் ஒரு நிலக்கரிக் கப்பல் சரக்கை இறக்கி முடித்து, மதியம் கிளம்பக் காத்திருந்தது. அதன் வாலுக்குப் பின்னால் உரக் கப்பல் ஒன்று வந்து அணைகிறது.

கரையோரம் வரிசையாக இரும்புக் கட்டைகள் நட்டிருக்கும். குட்டையானவை, தலை தடித்து, கழுத்து சிறுத்திருக்கும். கப்பல் வடத்தின் நுனியில் ஒரு பெரிய வளையம் உண்டு. அதைக் கட்டையின் தலைவழியே கழுத்தில் மாட்டினால் கப்பல் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கப்பல் நின்றால், நடுவில் உள்ள கட்டை இரண்டுக்கும் பொது. அந்தப் பொதுக் கட்டையை எப்போதும் கிளீட்டஸ்தான் பார்த்துக்கொள்வார். வேறு ஆளை விடமாட்டார்.

அன்றைக்கு, "அதுக்கு நீங்க போங்க, அண்ணாச்சி," என்றார்.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. சந்தேகத்துக்குப் பதவி உயர்வு என்று யாரோ முணுமுணுத்தார்கள். வளையம் இரண்டு பேர் தூக்குகிற கனம். கூடப் போகக் கூட்டத்து ஆள் சூசையை அனுப்பினார். போகுமுன் சூசையின் காதில் என்னவோ சொன்னார். சூசை வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு சிரித்தபடி போனான்.

பொதுக் கட்டையில் நிலக்கரிக் கப்பலின் வளையம் ஏற்கெனவே கிடந்தது. கோமதிநாயகம் பார்த்தார். யோசிக்க என்ன இருக்கிறது? உரக் கப்பலின் வளையத்தைத் தூக்கி, கிடந்ததன் மேலேயே போட்டார். கப்பலில் இருந்தவர்கள் வடத்தை இழுத்து இறுக்கினார்கள். விறைத்து நின்றது. அழகாக இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சூசையைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். சூசை வானத்தைப் பார்த்தான்.

மதியம் நிலக்கரிக் கப்பல் கிளம்புகிற நேரம். பைலட் மேலே ஏறியாயிற்று. கப்பலைத் துறைமுகத்தைவிட்டு வெளியே கொண்டுபோய் விடுகிறவர் அவர். கப்பலின் பின்பக்க வடத்தைத் தளர்த்திக் கொடுத்து, அவிழ்க்கச் சொன்னார்.

கோமதிநாயகம் வளையத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. சூசையும் சேர்ந்து இழுத்தான். அசையக்கூட இல்லை. மேலே உரக் கப்பலின் வளையம் காற்றின் பலத்தோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காலையில் அழகாகத் தெரிந்த அதே வளையம்தான்.

கிளீட்டஸின் வாக்கிடாக்கியில் பைலட் கடுகடுத்தார். கயிற்றை என்ன, கோந்து போட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். கப்பல் ஒன்று கிளம்ப முடியாமல் நிற்பதைத் துறைமுகமே பார்த்தது. கோமதிநாயகத்துக்குக் காது மடல் எரிந்தது. கடப்பாரையை விட்டு நெம்பினார். கை வழுக்கியதுதான் மிச்சம்.

கிளீட்டஸ் நடந்து வந்தார். ஓடி வரவில்லை.

"கீழ கெடக்கத அறுத்துருவோமா, தண்டல்?"

கிளீட்டஸ் கீழே கிடந்த வடத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"கீழ கெடக்கவன் என்ன தப்பு செஞ்சான், அண்ணாச்சி?"

கோமதிநாயகம் கடப்பாரையைத் தரையில் வைத்தார்.

கிளீட்டஸ் நிலக்கரிக் கப்பலைத் தன் வடத்தைத் திரும்ப இறுக்கி நிற்கச் சொன்னார். பிறகு உரக் கப்பலைக் கூப்பிட்டு அதன் வடத்தைத் தளர்த்தச் சொன்னார். மேல் வளையம் இளகியது. மூன்று பேருமாகத் தூக்கிக் கழற்றினார்கள். ஆனால் நிலக்கரிக் கப்பலை இழுத்துப்போக வேண்டிய இழுவைப் படகு இந்தத் தாமதத்தில் வேறொரு கப்பலுக்குப் போய்விட்டது. அடிக்கிற காற்றில் இரண்டு கப்பலுமே கட்டில் இருந்தாக வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்ட வேண்டும், அதுவும் உடனே.

கோமதிநாயகம் வளையத்தைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"மேல இல்ல," என்றார் கிளீட்டஸ். "உக்காருங்க. இத நின்னுக்கிட்டுச் செய்ய முடியாது."

அவரே முதலில் முழங்கால் போட்டார், அத்தனை கரியிலும். கோமதிநாயகமும் போட்டார். மூட்டு முனகியது.

"முன்னால வந்தவன் வளையத்துக்கு அடியில கொண்டு போங்க. ம். இப்ப அதுக்குள்ளகூடி மேல வாங்க."

கீழிருந்து நுழைத்து, பழைய வளையத்துக்குள்ளாகவே புது வளையத்தை மேலே வாங்கி, கட்டையின் தலைவழியே மாட்டினார்கள். உரக் கப்பல் வடத்தை இறுக்கியது. இரண்டும் ஒரே கழுத்தில் ஒன்றையொன்று நசுக்காமல் கிடந்தன.

கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு வளையத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டும் ஒரே கட்டையிலயா? தாங்குமா?"

கிளீட்டஸ் அந்த இரும்புத் தலையைத் தட்டிக் கொடுத்தார், பிள்ளையின் தலையைத் தட்டுகிற மாதிரி.

"எனக்கு ஒருத்தன் போதும்னு இது என்னைக்காவது சொல்லிருக்கா?"

இழுவைப் படகு திரும்பி வந்தது. நிலக்கரிக் கப்பல் வடத்தைத் தளர்த்தியது. கோமதிநாயகமும் சூசையும் அதன் வளையத்தை எடுத்து, மற்றதற்குள்ளாக மேலே வாங்கி, கழற்றித் தண்ணீரில் விட்டார்கள். உரக் கப்பலின் வடம் அசையவே இல்லை. ஒன்று போனது இன்னொன்றுக்குத் தெரியக்கூட இல்லை. கப்பல் மெல்ல விலகி, கடலுக்குப் போகிற துறைமுக வாய்க்காலைப் பார்த்துப் போனது.

வேலை முடிந்து கைகழுவும்போது கோமதிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"காலைல நான் ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலே சொல்லலியே, தண்டல்."

கிளீட்டஸ் குனிந்து, அவருடைய முழங்காலில் அப்பியிருந்த கரியைத் தட்டிவிட்டார்.

"வீட்டுக்குப் போங்க, அண்ணாச்சி."

"நாளைக்கு அந்தச் சித்தப்பா வந்துருவாரே."

"இன்னைக்குச் சனிக்கிழமதான."

கோமதிநாயகம் சைக்கிளை எடுத்தார். மக்ரூன் கடை வாசலில் சைக்கிள் பழக்கத்தில் தானாக மெதுவாகியது. அவர் நிறுத்தவில்லை.

வீட்டு வாசலில் பூரணியின் பை தயாராக இருந்தது. ஜிப் போட்டு, மேலே தண்ணீர் பாட்டிலும் செருகியாயிற்று. பிள்ளை வெளியே குழாயடியில் நின்றிருந்தாள். அடுப்படியில் முப்பிடாதி மீன் கழுவுகிற சத்தம் கேட்டது.

அவர் கால் கழுவிவிட்டு நேரே சுவரிடம் போனார். கல்யாணப் படத்தைக் கழற்றினார்.

பின்னால் லிங்கதுரை இருந்தார். மீசையும் சந்தனப் பொட்டுமாக, ஒரு கண்ணை லேசாகச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. எப்போதோ வைத்த கனகாம்பரச் சரம் நசுங்கிக் கருகி ஒட்டியிருந்தது.

ஒரு மாதம். கோமதிநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கண்ணாடியை மூலை மூலையாகத் துடைத்தார். தன் படத்தைச் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்தார். இவ்வளவையும் செய்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

பேசத்தான் வேண்டும் என்று பட்டது. செத்தவரிடம் எப்படிப் பேச? ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் எத்தனை நாளைக்கு?

அடுப்படிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று படத்தோரமாகப் போய், காதோடு காதாகச் சொல்கிற மாதிரி வாயைக் கொண்டுபோனார்.

"அண்ணாச்சி. நான் கோமதிநாயகம். பொறவு வந்தவன். ஒரு வார்த்த கேக்காம ஒங்க மேலயே மாட்டிட்டேன். தப்புதான்."

கனைத்துக்கொண்டார்.

"ஒங்க பிள்ளைய ஒங்ககிட்ட இருந்து பிடுங்க வரல. அவ எப்பவும் ஒங்க பிள்ளதான். கூட ஒரு ஓரமா நானும் நின்னுக்கிடலாமான்னு..."

"அந்தக் காது கேக்காது."

கோமதிநாயகம் திரும்பினார்.

பூரணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவரைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தாள்.

"லாரி ஓட்டி ஓட்டி எங்கப்பாவுக்குச் சன்னல் பக்கத்துக் காது போயிட்டு," என்றாள். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."